அயல்நாட்டு டாக்டரை எடைபோடுவது எப்படி?

"என்னப்பா, டாக்டரைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் அம்மா."

"ஊசி போட்டாரா?"

"இல்லை. ஒரே ஒரு மாத்திரைதான் எழுதினார். தண்ணீர் நிறையக் குடி, மூன்று நாள் படுத்திரு என்றார்."

"இவ்வளவுதானா? இதற்கா அத்தனை பணம்? வேறு நல்ல டாக்டராகப் பார்!"

தாயார் பேசுவது காலாப்பட்டிலிருந்து. மகன் இருப்பது பாரிசில். அவனுக்கு வந்திருப்பது சளிக் காய்ச்சல்.

இந்த மாதிரிப் பேச்சு புதுச்சேரி வட்டாரத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. புதுச்சேரிக்காரர்கள் கடல் கடந்து போகத் தொடங்கிப் பல தலைமுறை ஆகிவிட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்குப் போனார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து "சொல்தா" ஆனார்கள். 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அப்போது, "எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கிறார்கள். பிற்காலத்தில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்களும் உண்டு.

போன இடத்தில் வேலை கிடைக்கும். வீடு கிடைக்கும். பாரிசில் லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காய்கூடக் கிடைக்கும்! உடம்புக்கு வந்தால்தான் கலக்கம். மொழி தெரியாத ஊர். முகம் தெரியாத டாக்டர். அவர் கெட்டிக்காரர்தானா? கொடுப்பது சரியான வைத்தியம்தானா? யாரைக் கேட்பது?

ஊருக்குப் போன் போடுகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் ஊர் அளவுகோலை எடுத்து அளந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பை நம்பிச் சிலர் நல்ல டாக்டரை விட்டுவிடுகிறார்கள். சிலர் வைத்தியத்தையே தள்ளிப் போடுகிறார்கள்.

அந்த அளவுகோல் சரியானதுதானா?

ஊசி போடாத டாக்டர்

நம் ஊர் அளவுகோல் என்ன? ஊசி போட்டால் நல்ல டாக்டர். ஐந்து நிறத்தில் மாத்திரை கொடுத்தால் மிக நல்ல டாக்டர். "குளுக்கோஸ் ஏற்றினார்" என்றால் கேட்கவே வேண்டாம். அவர் கைராசிக்காரர்!

சளிக் காய்ச்சலைப் பாருங்கள். அது பெரும்பாலும் வைரஸ் என்ற கிருமியால் வருகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமியைத்தான் கொல்லும். வைரசை அவை ஒன்றும் செய்யாது. சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் சளி போகாது. மாறாக, உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிப் போகும். நாளை நிமோனியா வந்து உயிருக்குப் போராடும்போது, அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

பிரான்சு நாட்டிலும் முன்பு இந்தப் பழக்கம் இருந்தது. ஐரோப்பாவிலேயே ஆன்டிபயாடிக்கை அதிகமாக விழுங்கியவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. 2002-ம் ஆண்டில் அந்த நாட்டு அரசாங்கம் பெரிய பிரசாரம் தொடங்கியது. டாக்டரிடம் போனாலே ஆன்டிபயாடிக் எழுதித் தர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்பதே அந்தப் பிரசாரம். டாக்டர்களும் மாறினார்கள். நோயாளிகளும் மாறினார்கள்.

ஆகவே, ஊசி போடாமல் "படுத்திரு" என்று அனுப்பிய பாரிஸ் டாக்டர் அலட்சியக்காரர் அல்ல. மார்பைச் சோதித்து, எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டு, "மூச்சு வாங்கினால் உடனே வா" என்றும் சொல்லியிருந்தால் அவர் நல்ல டாக்டர்தான். தாயார் கேட்க வேண்டிய கேள்வி, "ஊசி போட்டாரா?" என்பது அல்ல. "சோதித்துப் பார்த்தாரா? எப்போது திரும்பி வரச் சொன்னார்?" என்பதுதான்.

"நேராகப் பெரிய ஸ்பெஷலிஸ்டிடம் போயிருக்கலாமே" என்றும் ஊரில் சொல்வார்கள். பிரான்சில் அது முறையல்ல. ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரை மருத்துவக் காப்பு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 2005-ல் வந்த முறை இது. முதலில் அவரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் அவர் ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்புவார். இப்படிப் போனால் டாக்டர் கட்டணத்தில் பொதுவாக 70 சதவீதம் திரும்பக் கிடைக்கும். தம் டாக்டரைப் பதியாமல் கண்ட டாக்டரிடம் போனால் 30 சதவீதம்தான் கிடைக்கும். 2024 டிசம்பரில் சாதாரண டாக்டரின் கட்டணம் 30 யூரோ ஆனது. நம் பணத்தில் இது சில ஆயிரம் ரூபாய். பெரும்பகுதி திரும்பி வருகிறது என்பது தெரியாததால், கேட்கிற தாய்க்குப் பகீர் என்கிறது.

வியன்னாவில் நடந்தது

ஊசிக்கு அடுத்தபடி நாம் நம்புவது கட்டடத்தை. கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, பெரிய பட்டம் பெற்ற டாக்டர்கள். இவை இருந்தால் உயர்ந்த வைத்தியம் என்று நினைக்கிறோம். வெளிநாட்டில் எல்லா ஆஸ்பத்திரியும் அப்படித்தான் தெரியும். அதனால் "வெளிநாடு, தப்பே நடக்காது" என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதோ ஓர் உண்மைக் கதை.

ஐரோப்பாவில் வியன்னா என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில், 1840-களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள்.

எது சிறந்த வார்டு? படித்த டாக்டர்கள் இருக்கும் முதல் வார்டு என்றுதானே சொல்வீர்கள்?

வியன்னாவின் ஏழைப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. "என்னை முதல் வார்டில் சேர்க்காதீர்கள்" என்று மண்டியிட்டு அழுதார்கள்.

காரணம் இருந்தது. 1841 முதல் 1846 வரை, முதல் வார்டில் 100 தாய்மாருக்குச் சுமார் 10 பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் சுமார் 4 பேர்தான் இறந்தார்கள். பிரசவக் காய்ச்சல் அவர்களைக் கொன்றது.

ஹங்கேரியில் பிறந்த செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் அங்கே வேலை பார்த்தார். ஏன் இந்த வேறுபாடு என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு நாள் அவருடைய டாக்டர் நண்பர், பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது கையில் கத்தி பட்டு, பிரசவக் காய்ச்சல் போன்ற நோய் கண்டு இறந்துபோனார். செம்மல்வைசுக்குப் பளிச்சென்று புரிந்தது. மாணவர்களும் டாக்டர்களும் பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். பிணத்தைத் தொட்ட கையாலேயே தாய்மாரைத் தொடுகிறார்கள். மருத்துவச்சிகள் பிண அறைக்குப் போவதே இல்லை!

1847-ம் ஆண்டு மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரல் மாதத்தில் 100-க்கு 18 பேர் இறந்த வார்டு அது. ஜூன் மாதத்தில் 2 பேராகக் குறைந்தது.

மேலதிகாரிகள் அவரைப் பாராட்டவில்லை. "எங்கள் கை அழுக்கு என்கிறாயா?" என்று கோபித்தவர்களே அதிகம். 1865-ல் அவர் மனநோய் விடுதியில் இறந்தார். உலகம் அவரைப் புரிந்துகொண்டது அதன் பிறகுதான்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியை எடைபோட்டதில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். அவர்கள் கட்டடத்தைப் பார்க்கவில்லை. பட்டத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போனவர்கள் பிழைத்து வந்தார்களா என்று பார்த்தார்கள்.

இதையே பிற்காலத்தில் ஓர் அறிஞர் முறைப்படுத்திச் சொன்னார். அவர் பெயர் அவேடிஸ் டொனபீடியன். லெபனான் நாட்டில் பெய்ரூட் நகரில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். 1966-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று மருத்துவ உலகில் மிகவும் புகழ் பெற்றது. வைத்தியத்தின் தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார் அவர். ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது? அங்கே என்ன செய்கிறார்கள்? அதனால் என்ன பலன் கிடைத்தது? நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். கட்டடமும் எந்திரமும் அதிலேயே அடங்கிவிடும்.

பணக்கார நாட்டிலும் தப்பு நடக்கும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில், வைத்தியத்தில் நேரும் தவறுகளால் மட்டும் ஆண்டுக்கு 44 ஆயிரம் முதல் 98 ஆயிரம் பேர் வரை இறக்கிறார்கள் என்று 1999-ல் அங்குள்ள மருத்துவ நிபுணர்கள் கணக்கிட்டார்கள். அந்த நாட்டின் பெருமையும் இதில் இருக்கிறது. தங்கள் தவறைத் தாங்களே எண்ணிப் பார்த்து வெளியே சொன்னார்கள்.

நம் கண்ணுக்குத் தெரிபவை

"நான் படித்தவன் அல்லவே, எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கலாம். தெரியும். பல விஷயங்கள் கண்ணுக்கு நேராகவே நடக்கின்றன.

உங்களைத் தொடுமுன் டாக்டரும் நர்சும் கையைச் சுத்தம் செய்கிறார்களா? ஊசி போடுமுன் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கிறார்களா? பத்து முறை கேட்டாலும் கோபப்படாதீர்கள். ஆளை மாற்றி மருந்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறார்கள். கேட்காத இடத்தில்தான் பயப்பட வேண்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று விசாரிக்கிறார்களா? ஏற்கனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்கிறார்களா? ஆபரேஷன் என்றால், அது ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று உங்களுக்குப் புரியும்படி சொல்கிறார்களா?

கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் டாக்டர் எந்த நாட்டிலும் இருப்பார். அவரிடம் இரண்டாவது முறை போக வேண்டியதில்லை.

டாக்டர் உண்மையான டாக்டர்தானா என்பதையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சிங்கப்பூரில் மருத்துவ மன்றத்தின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. பிரான்சில் டாக்டர்கள் சங்கத்தின் பதிவேடும் அப்படியே. பெயரைப் போட்டால் விவரம் வரும். பிரான்சில் ஆஸ்பத்திரிகளைச் சோதித்துச் சான்று கொடுக்க ஓர் அரசாங்க அமைப்பும் இருக்கிறது. அது கொடுத்த முடிவுகளை யாரும் இணையத்தில் படிக்கலாம். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இரண்டு நிமிட வேலை. வீடியோ பார்க்கும் நேரத்தில் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நேரத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். அவசரப் பிரிவில் முந்தி வந்தவருக்கு முதல் இடம் என்ற முறை கிடையாது. நர்சு ஒருவர் எல்லாரையும் முதலில் பார்த்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரிப்பார். கால் சுளுக்கியவர் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நெஞ்சு வலி என்று பின்னால் வந்தவரை உடனே உள்ளே கொண்டுபோவார்கள். இதில் நிற வேற்றுமை ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரரும் அங்கே காத்துக்கொண்டுதான் இருப்பார்.

"பிரஷர் 14!"

பயத்துக்குப் பாதிக் காரணம் எண்கள்தான்.

பிரான்சிலிருந்து மருமகள் பேசுகிறாள். "அவருக்குப் பிரஷர் 14, 9 என்றார்கள்." இங்கே மாமியார் அலறுகிறார். பதினாலா? உயிரோடு இருக்க முடியுமா?

ஒன்றுமில்லை. பிரெஞ்சு டாக்டர்கள் பேச்சில் கடைசிச் சைபரை விட்டுவிடுவார்கள். 14, 9 என்றால் நம் ஊரில் 140-க்கு 90. கொஞ்சம் அதிகம். கவனிக்க வேண்டும். அலற வேண்டியதில்லை.

சர்க்கரையும் அப்படியே. வெறும் வயிற்றில் 126 என்று நம் ஊர்ச் சீட்டில் வருவது, பிரான்சில் 1.26 என்று வரும். சிங்கப்பூரில் அதுவே 7 என்று வரும். மூன்றும் ஒன்றுதான். மூன்றும் சர்க்கரை நோயின் எல்லைக்கோடு. சிங்கப்பூர் எண்ணைப் பதினெட்டால் பெருக்குங்கள். பிரெஞ்சு எண்ணை நூறால் பெருக்குங்கள். நம் ஊர்க் கணக்கு வந்துவிடும். "ஏழுதானே, சர்க்கரை இறங்கிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

மருந்தின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் நம் ஊரில் டோலோ, கால்பால் என்று விற்கிறது. பிரான்சில் அதன் பெயர் டோலிப்ரான். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பனடால். உள்ளே இருப்பது ஒரே மருந்து.

இது தெரியாமல் என்ன நடக்கிறது? டாக்டர் கொடுத்த டோலிப்ரான் 1000 மில்லிகிராம் மாத்திரையை ஒருவர் மூன்று வேளை சாப்பிடுகிறார். அது 3,000. "இது கேட்கவில்லை" என்று, அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய டோலோ 650-ஐயும் மூன்று வேளை போடுகிறார். அது 1,950. மொத்தம் 4,950 மில்லிகிராம்! பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4,000-க்கு மேல் போகக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் சாப்பிடுகிறவர்கள் 3,000-த்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அளவு மீறினால் ஈரல் கெடும். பாசத்தோடு அனுப்பிய மாத்திரை விஷமாகிவிடும்.

தலையாட்டும் தமிழர்

வைத்தியம் கெடுவதற்கு டாக்டர் மட்டும் காரணம் அல்ல. நாமும் காரணம்.

டாக்டர் என்ன சொன்னாலும் நம்மவர்கள் தலையாட்டுவார்கள். மரியாதைக்காக ஆட்டுகிறோம். புரிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். போதாக்குறைக்கு, நம் தலையாட்டலில் ஆம் எது, இல்லை எது என்று வெள்ளைக்கார டாக்டருக்குத் தெரியாது!

இதற்கு எளிய வழி உண்டு. டாக்டர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஏழு நாள். சரிதானே?" தப்பாக இருந்தால் அப்போதே திருத்துவார். மொழி அரைகுறையாக இருந்தாலும் இதைச் செய்யலாம். கடிகாரத்தைக் காட்டி, விரலைக் காட்டி, எழுதிக் காட்டியும் செய்யலாம்.

மொழி அறவே தெரியாதவர்களுக்கு, மொழிபெயர்ப்பவர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்கலாம். பல நாடுகளில் டெலிபோனில் மொழிபெயர்த்துச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போவது நல்லதல்ல. பத்து வயதுப் பையன் எதிரில் தன் மாதவிலக்குத் தொல்லையை எந்தத் தாய் சொல்வாள்? "வயிற்று வலி" என்று சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடுவாள். டாக்டர் வயிற்று வலிக்கு மருந்து கொடுத்து அனுப்புவார். கருப்பையில் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்.

முதலாளி பயம்

பிரான்சில் குடியேறியவர்களின் கதை ஒன்று. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் கூலி வேலைக்குப் போனவர்களின் கதை வேறு. இவர்கள் டாக்டரை எடைபோடுவதற்கு முன்பே பயந்துவிடுகிறார்கள். நோய் என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ? ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ? வாங்கிய கடனை எப்படி அடைப்பது? "லீவில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மார்பு வலியையும் மறைக்கிறார்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும்.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்பவருக்கு மருத்துவ இன்சூரன்சு எடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. 2023-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல், அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் அளவுக்கு இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்பு 15,000 டாலராகத்தான் இருந்தது. துபாயில் 2013-ம் ஆண்டுச் சட்டம், தொழிலாளிக்கு முதலாளியே மருத்துவக் காப்பு எடுத்துத் தர வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அட்டை உங்கள் பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் இருந்தால் ஆபத்துக்கு உதவாது.

கம்பெனி அனுப்பும் டாக்டரை எடைபோட ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. அவர் நோயாளிக்கு டாக்டரா, முதலாளிக்கு டாக்டரா? விரல் நசுங்கி வந்தவனுக்கு, "நாளை லேசான வேலை செய்" என்று அவர் எழுதினால், அது காயத்தைப் பார்த்து எழுதியதா, கம்பெனி முகத்தைப் பார்த்து எழுதியதா? சிங்கப்பூரில் லீவுச் சீட்டை எம்.சி. என்கிறார்கள். நோயின் தன்மையைப் பார்த்து மட்டுமே எம்.சி. கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள டாக்டர்களுக்கு விதிக்கப்பட்ட ஒழுக்க முறை. சந்தேகம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம்.

குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரையுள்ள பாஸ்போர்ட்டில், அதற்கென்று குறிக்கப்பட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, இந்திய அரசாங்கத்தின் பிரவாசி பாரதிய பீமா திட்டம் கட்டாயம். விபத்தில் இறந்தாலோ, நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கையில் காசே இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கு உதவ, இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் ஒரு நல நிதி இருக்கிறது. இந்த இரண்டையும் வீட்டில் இருக்கும் மனைவி தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாலிசி நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் படுத்துவிட்டால், அலைய வேண்டியவர் இவர்தானே!

நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, திடீரென்று வாய் கோணுவது. இவை வந்தால் ஊருக்குப் போன் செய்து யோசனை கேட்கும் நேரம் அல்ல. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பிரான்சில் 15, சிங்கப்பூரில் 995, ஐக்கிய அரபு நாட்டில் 998 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ஆம்புலன்சு வரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 112-க்கும் வரும். இங்கே நமக்கு 108 எப்படியோ, அங்கே இவை அப்படி.

நம் ஊருக்கும் இதே அளவுகோல்

காலாப்பட்டில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிருந்து வெளிநாடு போனவர்கள் அங்குள்ள டாக்டரை எடைபோடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்தவர்கள் நம் டாக்டர்களை எடைபோடுகிறார்கள்! 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. அங்கே வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள். பக்கத்தில் ஆரோவில். காலாப்பட்டிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்று, பிம்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. புதுச்சேரி ஊரை ஒட்டிக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது.

ஜிப்மரின் மூலம் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி. சென்னையில் மருத்துவப் பள்ளி வந்தது 1835-ல்தான். ஆங்கில வைத்தியம் என்று தமிழ்நாடு சொல்லும் வைத்தியத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு வைத்தியமாகவே முதலில் பார்த்தது. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் ஊசியை எண்ணி டாக்டரை மதிப்பது அழகல்ல. கை கழுவினாரா, பெயர் கேட்டாரா, புரியும்படி சொன்னாரா, சீட்டில் எழுதிக் கொடுத்தாரா என்று பாரிசில் பார்ப்பதைக் காலாப்பட்டிலும் பார்க்கலாம்.

பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே வந்து தங்கிவிடும் பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியுரிமை இருப்பதால் மட்டும், பிரான்சின் மருத்துவக் காப்பு புதுச்சேரி வரைக்கும் தானாக வந்துவிடாது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று தனிக் காப்பு நிதி இருக்கிறது. விரும்பிப் பணம் கட்டிச் சேர வேண்டும். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, கப்பல் ஏறுமுன் விசாரித்துக்கொள்ளலாம். (இப்போது யார் கப்பலில் வருகிறார்கள்? பழக்க தோஷம்!)

பெட்டி கட்டும்போது

லீவில் ஊருக்கு வருகிறவர்கள் வாசனைத் திரவியமும் சாக்லெட்டும் கொண்டுவருகிறார்கள். வைத்தியக் காகிதங்களை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இங்குள்ள டாக்டர் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாகிறது.

காகிதத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிரான்சில் 2002-ம் ஆண்டு மார்ச்சு 4-ந்தேதிச் சட்டப்படி, நோயாளி தன் வைத்தியக் குறிப்பைக் கேட்டால் எட்டு நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் பழைய குறிப்பாக இருந்தால் இரண்டு மாதம் வரை ஆகலாம். ஆகவே டிக்கெட் வாங்கியதும் கேட்டுவிடுங்கள். பிரெஞ்சில் இருக்கிறதே என்று கவலை வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். தினசரி சாப்பிடும் மாத்திரையின் பெட்டியில், பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டு டாக்டரும் அதைப் புரிந்துகொள்வார்.

திரும்பிப் போகும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஐக்கிய அரபு நாடு போன்ற இடங்களுக்கு, கொடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை ஆகியவற்றை முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாகவே இருக்கலாம். அங்கே விமான நிலையத்தில் போதைப் பொருளாகப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "என் மகனிடம் சேர்த்துவிடு தம்பி" என்று கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்து, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.